ஆபுத்திரன் தவறவிட்ட கப்பல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இலக்கியப் பேச்சென்றால் நூலும் கையுமாக இருந்து பேசுவதுதான் வழக்கம். இன்று நான் வள்ளமும் கடலுமாகப் பேசப் போகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளில் நான்கை ஒரே பகலில் வள்ளத்திற் சுற்றி வந்த கதை இது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்பன அந்த நான்கும். நூலை அடியோடு கைவிட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். சீத்தலைச் சாத்தனாரும் எங்களோடு வள்ளத்தில் வந்தார். எங்களை வரப்பண்ணியவரே அவர்தாம்.

மத்தியதரைக் கடற்பக்கத்தில் இத்தகைய பயணம் ஒரு பெருந்தொழில். கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகருக்கு அருகே பிரேயஸ் என்றொரு துறைமுகம். காலையில் அங்கிருந்து புறப்பட்டு ஹைட்ரா, பொரொஸ், ஏஜினா என்று மூன்று தீவுகளை ஒரே பகலிற் காட்டி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் கப்பல்கள் உண்டு. கப்பலுக்குள்ளேயே சாப்பாடு, பாட்டு, ஆட்டம். எங்கள் தீவகத்தில் அப்படியொன்று கிடையாது. ஒவ்வொரு தீவுக்கும் அதனதன் படகு, அதனதன் நேரம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையால் போக வேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையாற் போவதுதான் வழமை. ஒரு துறையைப் பிடித்தால் மறுதுறை தப்பும். ஆகவே வாடகைக்கு ஒரு மோட்டர் வள்ளம் பேசிக்கொண்டோம்.

இதற்குக் காரணமானவன் எனது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். மணிமேகலையைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "சேர், மணிபல்லவம் எங்கை இருக்கு? வள்ளத்திலை போகேலுமோ?" என்று கேட்டான். காவியம் தருகிற கணக்கு, புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை. யோசனை ஒன்றுக்கு எத்தனை மைல் என்பதில் அறிஞருக்குள் உடன்பாடில்லை. மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணக் குடாநாடே என்பாருளர், நயினாதீவே என்பாருளர், புலவன் கற்பனையிற் கட்டிய தீவு என்று தள்ளிவிடுவாருமுளர். நான் எந்தக் கட்சியிலும் சேர்ந்தவனல்லன். ஆனால் ஒன்று சொல்லலாம். நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்துக்காகப் போர் தொடுத்ததையும், புத்தபிரான் வந்து அதைத் தணித்ததையும் பாளி மொழியில் மகாவம்சம் சொல்கிறது. தமிழில் மணிமேகலையும் சொல்கிறது. மகாவம்சம் அந்த இடத்தை நாகதீபம் என்கிறது. நமது காவியம் மணிபல்லவம் என்கிறது. இந்த அளவுக்கு ஆதாரம் போதும், ஒரு நாட் சுற்றுலாவுக்கு!

மாணவர் பதினாறு பேர், ஆசிரியர் மூவர், ஆகப் பத்தொன்பது பேர். பங்குனி மாதம், முதலாந் தவணை விடுமுறை. சோழகம் எழும்ப முன்னர் போய்விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். சோழகக் காற்று எழும்பிவிட்டால் இந்தக் கடல் வேறு கடல்.

விடியற்காலையில் பண்ணைத் தாம்போதியால் பஸ் போனது. இருபுறமும் ஆழமில்லாத கடல், அதில் களங்கண்ணி வலைகளின் தடிகள். வேலணையைத் தாண்டி, வாணர் தாம்போதியைத் தாண்டிப் புங்குடுதீவுக்குள் நுழைந்ததும் மாணவரின் பாட்டு நின்றுவிட்டது. காரணம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீதியின் இருமருங்கும் கூரையில்லாத வீடுகள். கல்லெடுத்துக் கட்டிய வீட்டின் நடுக்கூடத்திலே ஆலமரம். அவற்றுக்கிடையே புதுவண்ணம் பூசி, இரும்புக் கதவு போட்டு, பூட்டித் தொங்கும் மாடிவீடுகள் சில. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினரே திரும்பி வந்தார்கள். புங்குடுதீவிற் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம் வெறிச்சோடிய ஊர்களைப் பற்றி எழுதிய கவிதைகள் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற பெயரில் 1995 இல் நூலாக வந்தன. அந்தத் தலைப்புக்கு உரை வேண்டுமானால் அந்த வீதியால் ஒருமுறை போய்வந்தாற் போதும். 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' எழுதிய மு. தளையசிங்கமும் இந்த ஊரவர்தாம். 1971 இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை வேண்டுமென்று போராடி அடிபட்டவர். 1973 இற் காலமானார். எந்தக் கிணற்றில் யார் அள்ளுவது என்று அன்று ஊர் சண்டையிட்டது. இன்று அள்ள ஆளில்லாமல் எத்தனையோ கிணறுகள் தூர்ந்து கிடக்கின்றன.

குறிகாட்டுவானில் எங்கள் ஓட்டி காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய அனலைதீவுக்காரர். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கியைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சேர், ஒவ்வொரு துறையிலையும் எண்ணி இறக்குங்கோ, எண்ணி ஏத்துங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்." இந்தப் பேச்சின் சாரத்தை அவர் காலை ஏழு மணிக்கே சொல்லிவிட்டார். எனக்கு அது விளங்க மத்தியானமாயிற்று.

நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். கடல் படுத்துக் கிடந்தது. எதிரே பயணிகள் படகொன்று நிறைந்த ஆட்களோடு எங்களைக் கடந்து போயிற்று. அந்தக் கடற்பாதையிற் போகும் எவரும் 'குமுதினி' என்ற பெயரை நினையாமற் போக முடியாது. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தையும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் போருக்குப் போனவர்களல்லர். தங்கள் அலுவலுக்காகக் காலைப் படகில் ஏறியவர்கள். அந்தப் படகு பின்னர் திருத்தப்பட்டு, அதே கடலில், அதே பெயரோடு நெடுங்காலம் ஓடிற்று. உறவினரை அதிற் பறிகொடுத்தவர்களே மறுபடியும் அதில் ஏறிப் போய்வந்தார்கள். வேறு படகுக்கு எங்கே போவது? நான் இதைச் சொன்னபோது எங்கள் ஓட்டி எஞ்சினைச் சற்றுத் தணித்தார். பேசவில்லை.

மாவிலித்துறையில் இறங்கியபோது எண்ணினேன். பத்தொன்பது.

நெடுந்தீவை ஒல்லாந்தர் தங்கள் ஊர் ஒன்றின் பெயரால் டெல்ப்ற் என்று அழைத்தார்கள். அவர்கள் எல்லாத் தீவுகளுக்கும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம், வேலணை லைடன், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். ஒரு நாட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து நமது கடலிற் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மற்றப் பெயர்களெல்லாம் பழைய வரைபடங்களோடு நின்றுவிட்டன. ஆங்கிலம் எழுதுவோர் வாயில் டெல்ப்ற் மட்டும் இன்னும் நிற்கிறது. நமது மக்கள் வாயில் என்றும் அது நெடுந்தீவுதான்.

சுற்றுலாப் பயணி நெடுந்தீவிற் பார்ப்பதற்கென்று ஒரு நிரல் உண்டு. வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைகள், ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்குமரம், முருகைக்கற்களாற் கட்டிய கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு. அவற்றையெல்லாம் ஒரு சின்ன லொறியில் ஏறி ஓடி ஓடிப் பார்த்தோம். என் மனத்தில் நின்றவை வேலிகள். யாழ்ப்பாணத்தில் வேலி என்றாற் கிடுகு, பனையோலை, கிளுவை. நெடுந்தீவில் வேலி என்றாற் கல். சுண்ணாம்புச் சாந்தில்லாமல், முருகைக்கல்லின்மேல் முருகைக்கல்லை அடுக்கி, தீவு முழுவதும் சாம்பல் நிறத்திற் கோடு கிழித்தாற்போல ஓடுகின்றன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்றுப் போக வழியிருப்பதால் சோழகம் அவற்றைத் தள்ளி விழுத்துவதில்லை என்று லொறிக்காரத் தம்பி சொன்னார்.

தீவின் மேற்குப் பக்கத்தில் ஒரு கற்குவியலை வெடியரசன் கோட்டை என்கிறார்கள். இந்த இடத்தில் தமிழ் வாத்தியாருக்கு வாய் திறக்க ஓர் உரிமை கிடைத்தது. ஈழத்தில் வழங்கும் கண்ணகி வழக்குரையில், இளங்கோவடிகள் சொல்லாத ஒரு கடற்பயணம் வருகிறது. கண்ணகியின் சிலம்புக்குள் இடுவதற்கு நாகமணி வேண்டும். அதைத் தேடி மீகாமன் என்ற கப்பலோட்டி புகாரிலிருந்து பாய் விரிக்கிறான். வழியிலே வெடியரசன் அவனை மறித்துப் போர் செய்கிறான். சிலப்பதிகாரத்தை மதுரையோடும் வஞ்சியோடும் நிறுத்தி வைத்திருக்கிற நமக்கு, அந்தச் சிலம்பின் பரல் இந்தத் தீவுக் கடலைத் தாண்டிப் போனது என்று நம் முன்னோர் பாடியிருப்பது வியப்பாக இருக்கலாம். தீவார் தங்கள் வாசலைக் காவியத்துக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதிற் பிழை காண்பதற்கு நான் வரலாற்றாசிரியனல்லன்.

திரும்பத் துறைக்கு வந்தபோது ஓர் ஆச்சி பன்பையோடு படகுக்குக் காத்திருந்தார். எந்தப் படகு என்று கேட்டேன். "பின்னேரப் படகு தம்பி" என்றார். நேரம் அப்போது பத்தரை. ஏன் இவ்வளவு முந்தி வந்துவிட்டீர்கள் என்றேன். "மகளுக்குப் பேறுகாலம். இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. ஆனா அவளை இப்பவே யாழ்ப்பாணத்திலை சொந்தக்காரர் வீட்டிலை விட்டிருக்கு. வலி வந்தாப் பிறகு படகு பாக்கேலுமே? இண்டைக்கு நானும் போய் அவளோடை நிக்கப்போறன்." சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் படகைப் பாத்து வருவியள். நாங்கள் படகைப் பாத்துத்தான் பெறவும் வேணும், சாகவும் வேணும்." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன்னர் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோபுரம் கடலிலிருந்தே தெரியும். சற்றுத் தள்ளி நாகவிகாரையின் தூபி. கரைக்கு வரும்போது பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் ஓட்டி காட்டினார். புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூவெடுத்துக்கொண்டு நீந்திய நாகத்தைக் கருடன் மறிக்க, கப்பலில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருவன் இடையிற் புகுந்து சமாதானம் செய்தான் என்பது ஐதீகம். இந்தக் கடலின் கதைகளையெல்லாம் சேர்த்துப் பாருங்கள்: மணியாசனத்துக்கு ஒரு போர், நாகமணிக்கு ஒரு போர், பூவுக்கு ஒரு போர். ஒவ்வொன்றிலும் எங்கிருந்தோ ஒருவர் கடல் கடந்து வருகிறார்.

கதைகளை விட்டுக் கல்லுக்கு வருவோம். நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963 இல் வெளியிட்டார். சிங்கள மன்னன் தமிழில் எழுதுவித்த ஆணை. ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியது. அவர்கள் அங்கே வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் சொல்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பலாயின் நாலிலொரு பங்கு அரசனது பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பலாயிற் பாதிக்குப் பாதி. குதிரைக்காரனுக்கு ஏன் இந்தச் சலுகை என்று ஒரு மாணவன் கேட்டான். அரசனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் வேண்டும். ஆகவே அவற்றைக் கொண்டுவருபவன் மனம் சலிக்கக்கூடாது என்று விளக்கினேன். "அப்ப ஆள் செத்தா, சேர்?" என்று கேட்டான். உடைந்த கப்பலின் சரக்கைப் பங்கிடச் சட்டம் இருக்கிறது. அதிலே வந்த மனிதரைப் பற்றி அந்தக் கல் பேசவில்லை.

மத்தியானச் சாப்பாடு கோயில் அன்னதானத்தில். அந்த மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. பந்தியில் இருந்தபோது சிங்களத்தில் பேசிக்கொண்ட ஒரு குடும்பமும் எங்களுக்கு எதிரே இருந்து உண்டது. விகாரைக்கு வந்தவர்கள் போலும். பரிமாறியவர் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே வாளியிலிருந்து சாம்பாரை ஊற்றிக்கொண்டு போனார். சாத்தனார் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

சாப்பாட்டின் பின் மரநிழலில் இருந்துகொண்டு ஆபுத்திரன் கதையை மாணவருக்குச் சொன்னேன். வகுப்பிற் சொன்ன கதைதான். ஆனால் நாற்புறமும் கடல் இருக்கும்போது சொன்னது வேறுவிதமாகப் பட்டது.

ஆபுத்திரன் மதுரையில் இரந்துண்டு, தன்னைப்போன்ற இல்லாதவர்க்கும் ஊட்டி வாழ்ந்தவன். சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கொடுத்தாள். பாண்டிநாட்டிற் பன்னீராண்டு பஞ்சம். அவன் எல்லோருக்கும் ஊட்டினான். இந்திரன் அவன்மேற் சினந்து பெருமழை பெய்யச் செய்தான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லாமற் போயினர். கொடுப்பவனுக்கு வேலை போயிற்று! அப்போது சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொல்லக் கேட்டு, பாத்திரத்தோடு கப்பலேறினான். வழியிலே கப்பல் பாயை இறக்கி மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கிற்று. ஆபுத்திரன் இறங்கினான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக்கொண்டு, இரவிற் காற்று வாய்த்ததும் கப்பல் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒருவன், "எண்ணாமல் விட்டிட்டினம், சேர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டி சொன்ன வார்த்தை எனக்கு அப்போதுதான் நினைவில் வந்தது. காவியத்திலேயே பெரிய துயரங்களில் ஒன்று, தலையெண்ணத் தவறியதால் வந்திருக்கிறது.

மணிபல்லவத்துக்கு மணிமேகலையும் வந்தாள்தான். அவளைத் தெய்வம் தூக்கி வந்தது. திரும்பிப் போக வானத்திற் பறக்கும் மந்திரமும் கொடுத்தது. மந்திரம் உடையவருக்குத் தீவு ஒரு தங்குமிடம். ஆபுத்திரனுக்கு மந்திரமில்லை. கப்பலை நம்பி வந்தவன். நமது தீவார் எல்லோரும் ஆபுத்திரன் வகுப்பைச் சேர்ந்தவர்கள்.

ஆளில்லாத தீவில் அவன் தனியே நிற்கிறான். கையிலே உலகத்துக்கே சோறிடும் பாத்திரம். அவன் பட்டினி கிடக்கத் தேவையில்லை. கை விட்டால் உணவு வரும். ஆனால் தன் ஒருவன் உயிரைக் காப்பதற்கு இதைச் சுமப்பதா என்று எண்ணி, ஆண்டுக்கொருநாள் மேலே வா, அருளோடு உயிரோம்பும் ஒருவர் வந்தால் அவர் கையிற் சேர் என்று சொல்லி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிர்விட்டான். வகுப்பறைகளில் இதைத் தியாகம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். எனக்கு அந்தச் சொல் போதாது என்று படுகிறது. உண்பதற்கு ஆளில்லாத இடத்தில் அட்சய பாத்திரமும் வெறும் ஓடு என்று அவன் கண்டுகொண்டான். ஊட்டுதல் என்பதற்கு இருவர் வேண்டும்.

கிரேக்க இலக்கியத்தில் இதற்கு ஓர் இணை உண்டு. அதை நான் மொழிபெயர்ப்பிற் படித்தவன்தான். சோபக்கிளீஸ் என்ற நாடகாசிரியர் கி.மு. 409 இல் மேடையேற்றிய நாடகம், 'பிலொக்ரெற்றீஸ்'. திரோய் நகரத்துப் போருக்குப் போகும் வழியில் பிலொக்ரெற்றீஸ் என்ற வீரனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. புண் ஆறவில்லை, நாற்றமும் ஓலமும் பொறுக்காமற் கூட வந்தவர்கள் அவனை லெம்னொஸ் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவன் கையில் ஹெரக்கிளீசின் தவறாத வில். பத்தாம் ஆண்டில், அந்த வில் இன்றித் திரோய் விழாது என்று அறிந்ததும், அதே கூட்டத்தார் தேடி வருகிறார்கள்.

நமது காவியத்திலும் தேடி வந்தார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. மறுபிறப்பிற் சாவகத்து மன்னனாகப் பிறந்த ஆபுத்திரன், மணிமேகலையோடு மணிபல்லவத்துக்கு வந்து, தன் பழைய உடம்பின் எலும்பைத் தானே காண்கிறான். அப்போது தீவதிலகை என்ற காவல் தெய்வம் இன்னும் சில எலும்புகளைக் காட்டுகிறது. கப்பலில் வந்த செட்டிகள் ஒன்பது பேர் அவனை விட்டு வந்ததை அறிந்து, தேடித் திரும்பி வந்து, அவன் இறந்தது கண்டு அவ்விடத்திலேயே உண்ணாது உயிர்விட்ட எலும்புகள் அவை. கிரேக்கர் வில்லுக்காகத் திரும்பினார்கள். இந்த ஒன்பது வணிகரும் ஆளுக்காகத் திரும்பினார்கள். பொய்கைக்குள் இருந்த பாத்திரத்தை அவர்கள் கேட்கவே இல்லை. சோபக்கிளீஸ் பெரும் நாடகாசிரியர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஓரிடத்தில் நான் சாத்தனார் பக்கம்.

நயினாதீவிலிருந்து ஏறியபோது பதினெட்டு. ஒருவன் துறையடியிற் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு அன்று முதல் ஆபுத்திரன் என்று பெயராயிற்று.

அனலைதீவுக்குப் போகும் வழியிற் கடலுக்குள் வரிசை வரிசையாகத் தடிகளும் வலையும். கடலட்டைப் பண்ணைகள். இவற்றால் வருமானம் என்பாரும், சிறுதொழிலாளர் வலை விரிக்க இடம் போயிற்று என்பாரும் தீவகத்தில் உண்டு. எங்கள் ஓட்டி இரண்டாவது கட்சி. அதைவிட அவருக்குப் பெரிய கோபம் எதிர்க்கரையிலிருந்து இரவில் வந்து கடலடியை வழித்தெடுக்கும் இழுவைப் படகுகள்மேல்.

அனலைதீவில் அவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அம்மா எல்லோருக்கும் மோர் வார்த்தார். தோட்டத்திற் புகையிலை வெட்டி முடிந்திருந்தது. ஒழுங்கையில் வீடுகளைக் காட்டிக்கொண்டே வந்தார்: "இது ரொறன்ரோ, இது லண்டன், இது பாரிஸ், இதிலை ஒரு கிழவி மட்டும் இருக்கிறா." ஒல்லாந்தர் இட்ட றொட்டர்டாம் என்ற பெயர் போய், இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வெளிநாட்டு நகரம்! ஒரு கோயிலிற் புதிய இராசகோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. காசுக்குக் குறைவில்லை, வெளியிலிருந்து வருகிறது என்றார். "திருவிழா நேரம் வந்து பாருங்கோ சேர். பிளேனிலை எல்லாம் வருவினம். ஊர் நிரம்பும். கொடி இறங்கினால் அடுத்த வள்ளத்திலை போயிடுவினம்." பிறகு, "என்ரை பேரன் ஒண்டாம் வகுப்பிலை சேரேக்கை மொத்தம் அஞ்சு பிள்ளையள்" என்றார்.

அமுதசுரபி இருக்கிறது. அது நிறைந்தும் இருக்கிறது. கூட இருந்து உண்ண ஆள் எங்கே என்பதுதான் தீவகத்தின் இன்றைய கேள்வி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அந்த ஒன்பது செட்டிகள் போன்றவர்கள். விட்டுப் போனதை மறக்க முடியாமல் திரும்பி வருகிறவர்கள். எலும்பாவதற்குள் வந்தால் நல்லது என்பது மட்டுந்தான் என் வேண்டுதல்.

எழுவைதீவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இயலாது. இருபது நிமிடந்தான் நின்றோம். சின்னத் தீவு, பனையும் மணலும் அமைதியும். காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. காற்றாடி சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "இஞ்சை கரண்ட் கூடக் காத்தைப் பாத்துத்தான்" என்று ஓட்டி பகிடி விட்டார். எண்ணி ஏற்றினேன். பத்தொன்பது.

வெயில் சாயும் நேரத்தில் ஊர்காவற்றுறையை அண்மினோம். வாய்க்காலின் நடுவே கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது. இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித்தொடையாகத் தெரிந்ததாம். ஆகவே இந்தக் கோட்டைக்குத் தொடையின் குதிகால் என்ற பொருள்பட ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். பசித்தவன் வரைந்த தேசப்படம். இப்போது கடற்படையினர் அதை விடுதியாக நடத்துகிறார்கள். அதற்கு அப்பால், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப் பாதை போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் ஒவ்வொருவராகத் துறையில் இறங்கினோம். இறங்கி முடியுமுன்பே எதிரே ஆட்கள் நின்றார்கள், அனலைதீவுக்குப் போவதற்கு. கடைசிப் படகு போய்விட்டதாம். எங்கள் ஓட்டி அவ்வழியால் வீட்டுக்குத் திரும்புவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெட்டி பாண், இரண்டு சீமெந்துப் பை, ஒரு காஸ் சிலிண்டர், மருந்துப் பையைக் கையிற் பிடித்தபடி ஒரு முதியவர், காய்ச்சற்காரப் பிள்ளையைத் தோளிற் போட்ட ஒரு தாய், பாடசாலைச் சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள். நாங்கள் கழற்றிக் கொடுத்த அங்கிகளை, எங்கள் உடற்சூடு ஆறுமுன், அவர்கள் வாங்கி அணிந்துகொண்டார்கள். எங்கள் ஆபுத்திரன் இறங்கிய இடத்தில் அந்தத் தாய் பிள்ளையோடு அமர்ந்தார். ஓட்டி எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலை நீட்டி அவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார்.